கல்படுகை வைத்தும் குளம் சரியாகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஆற்றில் கலங்கலாகப் போனாலும் ஊற்றில் ஊறும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அந்த நினைவில்தான் பலரும் வீட்டு மீன்குளத்துக்குச் செடி வடிகட்டி கட்டும்போது மணலைக் கொட்டிவிடுகிறார்கள். ஆற்று மணலுக்குள் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது, அவசரமே இல்லை. நம் தொட்டியில் அதே தண்ணீர் சில நிமிடங்களில் கடந்தாக வேண்டும், அதுவும் மீன் கழிவைச் சுமந்துகொண்டு. மணல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

நான் இங்கே பேசுவது கல்படுகையைப் பற்றி. குளத்தின் ஓரத்தில் ஒரு தொட்டி, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய், அதன் மேல் ஜல்லி, ஜல்லியில் மண்ணே இல்லாமல் ஊன்றிய செடிகள். பம்பு குளத்துத் தண்ணீரை அடிக்குழாய்க்குத் தள்ளும். அது கல்லிடுக்கு வழியாக மேலே ஏறி, வாய்க்கால் வழியே குளத்துக்குத் திரும்பும். என் குளம் 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஏறக்குறைய 4200 லிட்டர். படுகை 6 அடிக்கு 2 அடி, கல்லின் உயரம் ஒன்றேகால் அடி. குளத்துப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. கப்பி, மாலி மாதிரி சிறு மீன்களுக்கு இதில் பாதி கூடப் போதும். கோய் கார்ப் வளர்ப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம், கால் பங்கு இருந்தால் நல்லது.

இந்தப் படுகையில் வேலை செய்வது யார் என்பது தெரிந்தால்தான் பிழையைத் தேட முடியும். கல்லின் மேல் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். செடி அதற்கப்புறம் வருகிறது. நைட்ரேட்டையும் கொஞ்சம் அம்மோனியாவையும் உறிஞ்சி இலையாக்கிக்கொள்கிறது. இந்த பாக்டீரியாவுக்கு மூச்சு வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். ஆகவே கல்லுக்குள் தண்ணீர் நின்றால் வேலையும் நின்றது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து முடிகின்றன.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும், கடையில் எதையும் வாங்கி ஊற்றுவதற்கு முன் முதலில் தண்ணீர் ஓட்டத்தை அளந்து பாருங்கள். படுகையிலிருந்து குளத்துக்கு விழும் இடத்தில் 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 27 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2000 லிட்டர். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையாவது படுகை வழியாகப் போய் வர வேண்டும் என்பது என் கணக்கு. பம்பு அட்டையில் 3000 என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நாலைந்து அடி உயரம், இரண்டு எல்போ என்று சேர்ந்தால் பாதியாகக் கூடக் குறையும். வாளிக் கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னால் அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது

இதுதான் எல்லோரும் கேட்பது. முதலில் அந்தப் பச்சை என்ன என்று பாருங்கள். கண்ணாடி டம்ளரில் மொண்டு இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண் கலங்கல், அடுத்த பகுதிக்குப் போங்கள். அப்படியே பச்சையாக நின்றால் அது ஒற்றைச் செல் பாசி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும் அது. நம் ஜல்லி இடுக்கோ மில்லிமீட்டர் கணக்கில். எந்தக் கல்லும் அதைப் பிடித்து நிறுத்தாது. படுகை பாசியைப் பட்டினி போட்டுத்தான் ஒழிக்கும். அதற்கு நாளாகும். வெயில் காலத்தில் புதுப் படுகை பழக மூன்றிலிருந்து ஆறு வாரம் கொடுங்கள். அதுவரை குளம் பச்சையாக இருப்பது பிழையே இல்லை.

ஆறு வாரம் கடந்தும் பச்சை போகவில்லையென்றால் தீவனத்தைப் பாருங்கள். 32 சதவீதப் புரதத் தீவனம் 100 கிராம் போட்டால் ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேர்கிறது. தினம் 50 கிராம் என்றால் ஒன்றரை கிராம். இத்தனையும் நைட்ரேட்டாகி, செடி எடுக்காத மிச்சம் பாசிக்கு உரமாகிறது. ஐந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுதான் ஒரு வேளைக்கு. அதற்கு மேல் போடுவது மீனுக்கு இல்லை, பாசிக்கு.

அடுத்தது, செடி அறுவடை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. செடி சத்தை எடுத்து வைத்துக்கொள்கிறதே தவிர அழிப்பதில்லை. கல்வாழை பூத்து முடிந்து, தண்டு சாய்ந்து, படுகையிலேயே அழுகினால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். பூத்த தண்டை அடியோடு வெட்டி வெளியே கொண்டுபோய் வாழைக்கோ தென்னைக்கோ போடுங்கள். சத்தை வேகமாக இழுக்க வேண்டுமானால் வள்ளைக்கீரையைப் போல் வேறொன்று இல்லை. ஒரு கொத்தை ஊன்றினால் இரண்டே வாரத்தில் அறுக்கலாம். நன்றாக வேகவைத்துச் சாப்பிடவும் செய்யலாம், ஆனால் குளத்தில் மீனுக்கு மருந்து போட்டிருந்தால் அந்தக் கீரை வேண்டாம்.

நிழலும் வேண்டும். குளத்துப் பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடியிருந்தால் பாசிக்கு வெளிச்சம் குறையும். அவசரத்துக்கு யு.வி. விளக்கு வாங்குவதானால், பம்புக்கும் படுகைக்கும் நடுவில் பொருத்துங்கள். செத்த பாசி திரண்டு கல்லில் தங்கிவிடும். மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். துத்தம் பாசியோடு சேர்த்துக் கல்லின் பாக்டீரியாவையும் கொல்லும், மீனுக்கும் ஆபத்து. போதாததற்கு, ஒரே நாளில் செத்த பாசி அழுகும்போது குளத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துவிடும்.

தண்ணீர் கலங்கலாக, செம்மண் நிறத்தில், அல்லது தேநீர் நிறத்தில் இருக்கிறது

படுகையில் என்ன போட்டீர்கள் என்பதற்கான பதில் இந்த நிறத்திலேயே இருக்கிறது.

சாம்பல் நிறக் கலங்கல் என்றால் கழுவாத ஜல்லி. குவாரித் தூள் கல்லோடு ஒட்டியே வரும். வாளி வாளியாக, ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிப் போட்டிருக்க வேண்டும். இனிமேல் பிரிக்க முடியாது என்றால், படுகையிலிருந்து வரும் தண்ணீரை இரண்டு நாள் குளத்துக்கு விடாமல் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, குளத்தைப் புதுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருங்கள். எம்-சாண்டு போட்டிருந்தால் அதைக் கழுவித் தீராது, எடுத்துவிடுங்கள்.

செம்மண் நிறம் செடியோடு வந்தது. நர்சரிப் பையில் செம்மண்ணும் எருவும் கலந்துதான் இருக்கும். பையைக் கிழித்து அப்படியே கல்லுக்குள் புதைத்தால் மண் மட்டுமல்ல, எருவின் சத்து முழுவதும் தண்ணீருக்கு வரும். வேரை வாளித் தண்ணீரில் அலசி அலசி, மண் ஒரு பொட்டு இல்லாமல் வெறும் வேராக நட வேண்டும். செடி ஒரு வாரம் வாடும், பயப்படாதீர்கள். நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அப்புறம் நடுங்கள். வளமான மண் இல்லாமல் செடி எப்படி வளரும் என்று கேட்பார்கள். மீன் கழிவுதான் உரம். மண் போட்ட படுகை வடிகட்டி இல்லை, அது வயல்.

தேநீர் நிறம் என்றால் தென்னை நார்க் கழிவு. மாடித் தோட்டத்துக்கு அது அருமையான பொருள். குளத்துக்கு வேண்டாம்: மிதக்கும், சாயம் இறக்கும், மெல்ல மக்கி அடிக்குழாயை அடைக்கும். மாடித் தோட்டக் கலவையில் சேர்க்கும் கனிமத் துகள்களும் வேண்டாம்: பெர்லைட் மிதக்கும், வெர்மிகுலைட் நாளடைவில் கூழாகும்.

எது நல்லது என்று கேட்டால், என் படுகையில் அடியில் நாலு அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் 12 மி.மீ. ஜல்லி. அளவு பாதியானால் அதே கொள்ளளவில் கல்லின் மேற்பரப்பு இரட்டிக்கும், பாக்டீரியாவுக்கு இடம் கூடும். ஆனால் இடுக்கு சிறுத்து அடைப்பும் சீக்கிரம் வரும். 10 மி.மீ.க்குக் கீழே நான் போவதில்லை. நன்றாக வெந்த செங்கல் உடைசலும் நல்ல பொருள்தான், நுண்துளை அதிகம். வேகாத செங்கல் கரைந்து சேறாகும். ஒரு துண்டை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து விரலால் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மொட்டைமாடியில் குளம் வைத்திருப்பவர்கள் சுட்ட களிமண் உருண்டைகளைப் போடலாம். ஒரு கன அடி ஜல்லி நாற்பது கிலோவுக்கு மேல் வரும். என் படுகையில் இருப்பது 600 கிலோவுக்கு மேலான கல். அதை மாடியில் ஏற்ற நினைத்தால் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். களிமண் உருண்டை முதலில் மிதக்கும். மேலே ஒரு வரிசை கூழாங்கல் போட்டு அழுத்தி வையுங்கள்.

அழகுக்கென்று விற்கும் வெள்ளைக் கற்கள் பல சலவைக்கல் துண்டுகள். அதன் மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, தண்ணீரின் காரத்தன்மையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊரில் அது வேண்டாத வேலை.

படுகையின் மேல் தண்ணீர் தேங்குகிறது, குளத்துக்கு வருவது குறைந்துவிட்டது

வாளிக் கணக்கு இப்போது பயன்படும். ஆறு மாதத்துக்கு முன் 27 நொடியில் நிறைந்த வாளிக்கு இன்று 45 நொடி ஆகிறதா? அடைப்பு பம்பிலா, குழாயிலா, கல்லிலா என்று வரிசையாகப் போங்கள்.

பம்பை வெளியே எடுத்து அதன் கூண்டைக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். பம்பைச் சுற்றி நைலான் பிரஷ்ஷோ கரடுமுரடான ஸ்பாஞ்சோ வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தால், மீன் கழிவும் இலையும் கல்லுக்குப் போகாமல் அங்கேயே நிற்கும். வாரம் ஒருமுறை அதைக் குளத்துத் தண்ணீரில் பிழிந்தால் போதும். இந்தப் பெட்டி இல்லாத படுகைக்கு ஆயுள் குறைவு.

அதிலும் சரியாகவில்லையென்றால் படுகைக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்பு தனியாகத் தள்ளும் அளவைப் பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் அடைப்பு படுகைக்குள். அடிக்குழாயின் மறுமுனையைத் தரைக்கு மேலே கொண்டுவந்து திறக்கக்கூடிய மூடி போட்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மூடியைக் கழற்றிப் பம்பை ஓடவிடுங்கள். குழாயில் படிந்த சேறு கறுப்பாக வெளியேறும். அந்தத் தண்ணீர் வாழைக்கு அமிர்தம். படுகையின் ஒரு மூலையில், அடியைத் தொடும்படி நாலு அங்குலக் குழாய் ஒன்றையும் செங்குத்தாக, கீழ்ப்பகுதியில் துளையிட்டு நிறுத்தி வையுங்கள். அதற்குள் ஹோஸ் விட்டு உறிஞ்சினால் அடியில் தங்கிய சேற்றை எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் கல்லைத் தொடாமலே பல வருஷம் ஓட்டலாம். புதிதாகக் கட்டுபவர்கள் இந்த இரண்டு குழாய்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பின்னால் வைக்க முடியாது.

குழாயும் சுத்தம், ஆனாலும் தண்ணீர் மேலே தேங்குகிறது என்றால் வேர். சம்பு, பாப்பிரஸ் இரண்டும் பாய் முடைந்த மாதிரி வேர் விடும். கல்வாழையும் மூன்றாம் வருஷம் கிழங்கு கிழங்காகப் படுகையை நிறைத்துவிடும். பாதிச் செடியைப் பிடுங்கி எடுங்கள், மீதிப் பாதியை அடுத்த மாதம். நீளமான கடப்பாரையை அடிவரை இறக்கி ஆட்டுவதும் இடுக்கைத் திறக்கும். தார்ப்பாய் விரித்த படுகையில் அது மட்டும் கூடாது.

செடிகளே ஓட்டத்தைச் சொல்லும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். குழாய் நுழையும் பக்கம் கல்வாழை ஆள் உயரம், மறுகோடியில் முழங்கால் உயரம் என்றிருந்தால் தண்ணீர் பாதிப் படுகைக்குத்தான் போகிறது. குறைச்சலான பக்கத்தில் அடிக்குழாயின் துளை அடைத்திருக்கும், அல்லது முதல் துளைகள் பெரிதாக இருந்து தண்ணீர் முழுவதையும் அங்கேயே விட்டிருக்கும்.

அழுகின முட்டை நாற்றம் வருகிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கல்லுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, வேறொரு வகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கத் தொடங்கிவிட்டது. அது மீனுக்கு நஞ்சு, மிகக் குறைந்த அளவிலும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வருத்தமானது. ஒரு கோடையில் எங்கள் தெருவில் 14 மணி நேரம் மின்சாரம் இல்லை. இரவு பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. பம்பு தானாக ஓடத் தொடங்கியதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் நாலு வருஷம் வளர்த்த இரண்டு கோய் மிதந்தன. படுகைக்குள் பகல் முழுக்க நின்று கெட்டுப்போன தண்ணீர் அத்தனையையும் பம்பு ஒரே மூச்சில் குளத்துக்குத் தள்ளியிருந்தது. மீன்கள் ஏற்கெனவே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

மின்சாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால், திரும்பி வந்ததும் பம்பு தானாக ஓடக் கூடாது. சுவிட்சை அணைத்து வையுங்கள். படுகையின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து, நின்ற தண்ணீரை வெளியே விடுங்கள். ஒன்றேகால் அடி உயரக் கல்லில் பத்தில் நாலு பங்குதான் இடுக்கு. என் படுகையில் 160 லிட்டரை ஒட்டித்தான் வரும். அதை இழப்பதில் ஒன்றும் இல்லை. வடிந்தபின் பம்பைப் போடுங்கள். வால்வு இல்லாதவர்கள் படுகையிலிருந்து விழும் தண்ணீரை முதல் பத்து நிமிடம் தோட்டத்துக்குத் திருப்பிவிடலாம். இதே காரணத்துக்காக, மின்கட்டணத்தை நினைத்து இரவில் பம்பை நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடிகாலையில்தான், அப்போதுதான் படுகையும் மூச்சுவிட வேண்டும். இன்வெர்ட்டரில் ஒரு சின்னக் காற்றுப் பம்பையாவது இணைத்து வையுங்கள், இந்த ஒரு செலவை நான் யாருக்கும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

மின்வெட்டே இல்லாமல் நாற்றம் வருகிறதென்றால் அடியில் சேறு. மேலே சொன்னபடி உறிஞ்சி எடுங்கள். படுகை ஒன்றரை அடிக்கு மேல் ஆழமாக இருந்தால் மூலைகளில் தண்ணீர் போகாத செத்த இடங்கள் இருக்கும். ஆழம் கூடினால் வடிகட்டல் கூடும் என்று நினைக்கிறோம்; எனக்குத் தெரிந்து பரப்பு கூடினால்தான் நல்லது.

மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, அல்லது சோர்ந்து அடியில் கிடக்கிறது

எப்போது என்று கவனியுங்கள். விடிகாலையில் எல்லா மீனும் மேலே, ஒன்பது மணிக்கெல்லாம் இயல்பாக நீந்துகின்றன என்றால் ஆக்சிஜன் குறைவு. படுகையிலிருந்து தண்ணீர் ஒரு அடி உயரத்திலிருந்தாவது குளத்தில் சலசலத்து விழும்படி செய்யுங்கள், காற்றுக்கல் போடுங்கள், பச்சைத் தண்ணீராக இருந்தால் அதைக் குறைக்கும் வழியைப் பாருங்கள்.

நடுப்பகலிலும் தண்ணீர் விழும் இடத்தில் கூடி நிற்கின்றன, செவுள் பழுப்பாகத் தெரிகிறது என்றால் நைட்ரைட். புதுப் படுகையில் மூன்றாவது நாலாவது வாரம் இது வரும். கால் பங்கு தண்ணீரை மாற்றி, 1000 லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். இந்த அளவு உப்பு படுகைச் செடிகளை ஒன்றும் செய்யாது. படுகையில் ஜியோலைட் (அம்மோனியாவை உறிஞ்சிப் பிடிக்கும் கனிமக் கல்) போட்டிருப்பவர்கள் மட்டும் நிறுத்துங்கள்: அது பிடித்து வைத்திருக்கும் அம்மோனியாவை உப்புத் தண்ணீர் கழற்றிவிட்டுவிடும். முதலில் ஜியோலைட்டை எடுத்துவிட்டு அப்புறம் உப்பு.

துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கின்றன, செவுள் சிவந்து வீங்கியிருக்கிறது என்றால் அம்மோனியா. சோதனைப் பெட்டியில் பார்க்கும்போது பி.ஹெச். என்னும் அமில-கார அளவையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் சாயங்காலம். 30 டிகிரித் தண்ணீரில் பி.ஹெச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. பி.ஹெச். 8 ஆனால் ஏழரை பங்கு. 9 ஆனால் நாற்பத்தைந்து பங்கு. பாசி நிறைந்த குளத்தில் பகல் வெயிலுக்கு பி.ஹெச். 9-ஐத் தொடுவது சாதாரணம். காலையில் ஒன்றும் செய்யாத அதே அம்மோனியா மாலையில் மீனைக் கொல்லும். இரண்டு நாள் தீவனம் நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரானால் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்து, அல்லது குளோரின் நீக்கி கலந்து விடுங்கள். நேராக ஹோஸை நீட்டினால் மீனும் பாதிக்கப்படும், கல்லின் பாக்டீரியாவும் சாகும், அம்மோனியா இன்னும் ஏறும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த படுகை ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் திடீரென்று அம்மோனியாவை விட்டுவிடுகிறதா? மழைத் தண்ணீரில் காரத்தன்மை கிடையாது. பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்குச் சமமான சுண்ணாம்புக் காரத்தைச் செலவழிக்கிறது. இருப்பு தீர்ந்தால் பி.ஹெச். சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். போர் தண்ணீர் ஊற்றினாலே பல ஊர்களில் இது சரியாகும். இல்லையென்றால் 1000 லிட்டருக்கு 17 கிராம் சமையல் சோடா, லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தை ஏற்றும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

செடி மஞ்சளாகிறது

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்து. மீன் தீவனத்தில் அது குறைவு, கடினமான தண்ணீரில் இருப்பதும் வேருக்குக் கிடைக்காது. விவசாய மருந்துக் கடையில் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பு என்று கேளுங்கள். 6 சதவீத இரும்புள்ளதாக இருந்தால் 1000 லிட்டருக்கு 15 கிராம் போதும். தண்ணீர் சில நாள் சிவந்து நிற்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. விலை குறைவாக இருக்கிறதென்று இ.டி.டி.ஏ. வகையை வாங்கினால் பி.ஹெச். 7-க்கு மேலான தண்ணீரில் நிலைக்காது.

பழைய இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள். அடுப்புச் சாம்பலைப் படுகையில் தூவ வேண்டாம், பி.ஹெச். ஏறிவிடும். செடி முழுவதுமே வெளுத்து, வளர்ச்சி நின்று, ஆனால் தண்ணீர் தெளிவாக, மீன் துள்ளிக்கொண்டு இருந்தால் எதையும் செய்யாதீர்கள். தண்ணீரில் செடிக்குக் கிடைக்கச் சத்து மிச்சமில்லை. படுகை கட்டியதே அதற்குத்தான். செடியைக் குறையுங்கள்.

எந்தச் செடி என்பதைவிட வேர் கல்லுக்குள் ஆழமாக இறங்குகிறதா என்பதே முக்கியம். கல்வாழை, வசம்பு, வெட்டிவேர், சேம்பு நான்கும் எங்கள் வெயிலைத் தாங்கி நிற்கின்றன. நடுவில் நீர்ப்பிரம்மியும் வல்லாரையும் கல்லை மூடிப் படர்ந்தால் கல் சுடாது. 1950களில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே ஸைடல் என்ற விஞ்ஞானி கோரையை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து காட்டியபோது பலரும் நம்பவில்லை. இன்று ஆரோவில்லில் குடியிருப்புகளின் கழிவுநீர் செடி நட்ட கல்படுகை வழியாகப் போய் மறுபடி தோட்டத்துக்கு வருகிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள், நம் படுகையின் பெரிய அண்ணன் அது.

குளத்து மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது

கோடையில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் வரை குறைவது வெயிலும் செடியும் குடிப்பது. இரண்டு அங்குலம் குறைந்தால் கசிவு. படுகைக்குப் போகும் தண்ணீரைப் பைபாஸ் வழியாக நேராகக் குளத்திலேயே விழவிட்டு, ஓர் இரவு மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். மட்டம் நின்றால் கசிவு படுகையில்.

பெரும்பாலும் ஓட்டை இருக்காது. வேர் தடித்துத் தண்ணீர் உயர்ந்து தார்ப்பாய் விளிம்பைத் தாண்டியிருக்கும், அல்லது வெளி மண் விளிம்பின் மேல் சரிந்து திரி போலத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள், ஈரமான இடம் காட்டிக்கொடுக்கும். தார்ப்பாய் படுகையில் சம்பு நட்டிருந்தால் மட்டும் ஓட்டையைச் சந்தேகியுங்கள். அதன் கிழங்கு நுனி ஈட்டி மாதிரி. பக்கத்தில் மூங்கில் இருந்தாலும் அப்படித்தான்.

கொசு

தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியக் கூடாது. மேல் கல்லுக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளியேறும் வாய்க்காலைத் தாழ்த்துங்கள். சேறு உறிஞ்ச நிறுத்திய செங்குத்துக் குழாயின் வாயை வலை கட்டி மூடுங்கள், கொசு முட்டையிடத் தேடிப் போகும் இடமே அதுதான். அப்படியும் புழு தெரிந்தால் பி.டி.ஐ. என்னும், கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைப் போடலாம், மீனுக்குத் தீங்கில்லை.

கல்லையே பிரித்துக் கழுவ வேண்டி வந்தால்

உறிஞ்சியும் பயனில்லை, நாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது, வாளிக் கணக்கு பாதியாகியும் ஏறவில்லை என்றால் பிரிக்கத்தான் வேண்டும். மழை முடிந்து வெயில் ஏறுவதற்கு முன், தை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளிர்ந்து ஆக்சிஜன் நிறைந்திருக்கும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்காதீர்கள். பாதிப் படுகையை அள்ளி, குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு அதில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் தேய்த்துப் பளபளக்க வைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழவழப்பு கல்லில் இருக்கட்டும், சேறு மட்டும் போகட்டும். அலசிய கல் காயாமல் ஈரச் சாக்கால் மூடி வைத்து அன்றே திரும்பப் போட்டுவிடுங்கள். மீதிப் பாதியை ஆறு வாரம் கழித்துச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த பத்து நாளைக்குத் தீவனம் பாதி, தினம் மாலை ஒரு அம்மோனியா சோதனை.